மலையில் மனைவியை ஓட்ட விடலாமா? தாராளமாக விடலாம்

கேள்வி: "நானும் மனைவியும் மட்டும் ஒரு வாரம் காரில் மலைப் பகுதித் தேசியப் பூங்காக்களைச் சுற்றிவர ஆசை. மனைவிக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் மலையில் அவளை ஓட்ட விடப் பயமாக இருக்கிறது. டிரைவர் வைத்துக்கொள்ளலாமா?"

வழக்கமாக நான் இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள்தான். இந்தக் கேள்வியை மட்டும் அப்படி விட முடியவில்லை. உங்கள் மனைவி லைசென்ஸ் வாங்கி அதைப் பீரோவில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஊருக்குள் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டுவார், நீங்கள் பக்கத்தில் இருந்தால் சாவியை உங்களிடம் கொடுத்துவிடுவார். எனக்குத் தெரிந்த பாதி வீடுகளில் இப்படித்தான்.

எனக்கு 51 வயது. ஊர் காரமடை. என் வீட்டுக்காரர் 31 வருடம் லாரி ஓட்டியவர். மேட்டுப்பாளையம் மண்டிக்கும் ஊட்டிக்கும் கூடலூருக்கும் குண்டல்பேட்டைக்கும் காய்கறி லோடு. நான் 46 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன், கற்றுக்கொடுத்ததும் அவர்தான். போன வருடம் பொங்கலுக்கு முந்தைய வாரம் நாங்கள் இருவர் மட்டும் ஆறு நாள் போய் வந்தோம். "இந்த வயசுல ரெண்டு பேரும் தனியா ஊர் சுத்தோணுமா" என்று கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு. கார் வைத்திருப்பவர்களின் சொகுசுக் கதை என்று இங்கே யாராவது எழுதுவீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுடையது வேறொருவரிடமிருந்து வாங்கிய பழைய கார். பெட்ரோல், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய்க்குள் முடித்தோம்.

உடுமலைப்பேட்டை வழியாகப் போனோம். அமராவதி தாண்டி ஒன்பதாறு செக்போஸ்ட், அப்புறம் சின்னாறு. அங்கே மழை குறைவு, முள்ளுக்காடுதான், மூணாறு என்றதும் நாம் நினைக்கிற பச்சையை அங்கே எதிர்பார்க்காதீர்கள். அன்றைக்கு முழுக்க அவர்தான் ஓட்டினார். ஒரு வளைவில் சாலையோரமாக ஒரு யானை மூங்கிலை ஒடித்துக்கொண்டு நின்றது. அவர் நூறு மீட்டருக்கு முன்னாலேயே நிறுத்தி, ரிவர்ஸ் கியரைப் போட்டு, காலைக் கிளட்சில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஹாரன் இல்லை, லைட் இல்லை, பேச்சும் இல்லை. பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடிக்க, இவர் கையை வெளியே நீட்டி வேண்டாம் என்று காட்டினார். இருபது நிமிடம் இருக்கும், யானை அதுபாட்டுக்கு இறங்கிப் போய்விட்டது. இதை மட்டும் நினைவில் வையுங்கள். யானை நின்றால் நாமும் நிற்க வேண்டும், கிட்டே போகக் கூடாது, இறங்கிப் போட்டோ எடுக்கவே கூடாது.

அன்றைக்கு ராத்திரி மறையூரில் தங்கினோம். சாப்பிடும்போது, "எத்தனை வளைவு வந்துச்சு, அந்தச் சோலை எவ்வளவு அழகா இருந்துச்சு பாத்தீங்களா" என்று கேட்டேன். "எந்தச் சோலை?" என்றார். அவர் பார்க்கவில்லை. எதிரே வந்த பஸ்ஸையும், சாலையோரம் மண் அரித்துப் போயிருந்த இடங்களையும் ஒன்று விடாமல் சொன்னார். மலையில் ஓட்டுகிறவர் பார்ப்பது சாலையை மட்டும்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. 31 வருடம் மலைகளில் போய் வந்த மனுஷன், மலையைப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். "அம்மிணி, மூணாறு ரோடு குறுகலா இருக்கும்" என்றார். "நீங்க பக்கத்துல இருக்கறீங்கல்லங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

மூணாறு போகிற வழியில் இருக்கிற இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர். அங்கே நம் காரை மேலே விட மாட்டார்கள், கீழே நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில்தான் ராஜமலைக்குப் போக வேண்டும். வரையாடுகள் உலகத்திலேயே அதிகமாக ஒரே இடத்தில் இருப்பது அங்கேதான். பிப்ரவரி, மார்ச்சில் அவை குட்டி போடும் காலம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள், உங்கள் தேதியை அதற்குத் தகுந்த மாதிரி வையுங்கள். குறிஞ்சிக்காகப் போவதாக இருந்தால் 2018-க்கு அப்புறம் 2030-தான். ஒரு கிடா தார்ச் சாலையோரத்துக் கல்லில் கொம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது. முதுகில் சாம்பலும் வெள்ளியும் கலந்த ஒரு பட்டை. அவருக்கும் அதற்கும் நடுவே நாலடிதான் இருக்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு, நீலகிரியிலேயே காலம் தள்ளியவர், அவர் ஒரு வரையாட்டைப் பார்த்தது அதுதான் முதல் முறை. வனக்காவலரிடம் என்ன தின்னும், எங்கே படுக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனைமுடிச் சிகரம் அன்றைக்கு மேகத்துக்குள் இருந்தது, எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

மூன்றாம் நாள் டாப் ஸ்டேஷன், பாம்பாடும் சோலை வழியாக வட்டவடை. பாம்பாடும் சோலைதான் கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. சாலை அதற்குள்ளேயே போகிறது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கமிருந்தே கொடைக்கானலுக்கு ஒரு மலைப்பாதை இருந்தது, இப்போது மூடிக் கிடக்கிறது, மேப்பில் கோடு தெரிகிறதே என்று நம்பிப் போகாதீர்கள். திரும்பி வந்து வீட்டில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு, இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஊட்டிக்கு ஏறினோம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், போனிலேயே எடுத்துவிடலாம்.

இப்போது டிரைவர் விஷயம். நீங்கள் கேட்டதால் இதைச் சொல்லியே தீர வேண்டும். ஊட்டியில் நாங்கள் தங்கிய லாட்ஜில், ஜனவரிக் குளிரில், காலையில் புல்லெல்லாம் உறைபனி படிகிற நேரத்தில், நாலு டிரைவர்கள் வண்டி சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலில் சாக்குப்பை சுற்றியிருந்தார். கூட்டி வந்த குடும்பங்கள் மேலே ஹீட்டர் போட்ட அறையில். காலையில் பல் தேய்க்க, ஒதுங்க அவர்களுக்கு இடம் கிடையாது. மறுநாள் அதே ஆள்தான் தூக்கம் இல்லாத கண்ணோடு உங்கள் குழந்தைகளை வைத்துக்கொண்டு மலை இறங்க வேண்டும். 2023-ல் தமிழ்நாட்டில் ஓட்டல், லாட்ஜ்களில் விருந்தினரின் ஓட்டுநர்கள் தங்க இடம் கட்ட வேண்டும் என்று கட்டட விதியையே திருத்தினார்கள். விதி வந்தும் அந்த நாலு பேர் வண்டியில்தான் கிடந்தார்கள். என் வீட்டுக்காரர் எங்கள் அறையில் இருந்த கம்பளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வந்து வெகு நேரம் தூங்கவில்லை. எத்தனை ராத்திரி இவரும் அப்படிக் கிடந்திருப்பார் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. டிரைவர் வைத்துக்கொள்வது தப்பில்லை, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் வைத்தால் அவருக்கும் ஒரு அறை போடுங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் நீங்களே ஓட்டுங்கள்.

மறுநாள் கூடலூர் வழியாக இறங்கினோம். இறக்கத்தில் அவர், ஏற்றத்தில் நான் என்று பேசி வைத்துக்கொண்டோம். கீழே போனதும் ஸ்டியரிங் என்னிடம். முதுமலை, தெப்பக்காடு, மாயாறு, அப்புறம் கக்கநல்லா செக்போஸ்ட் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர் தேசியப் பூங்கா. அந்தச் சாலையில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. 2009-ல் வந்த தடை. ராத்திரியில் வண்டியில் அடிபட்டுச் சாகிற விலங்குகளுக்காகப் போட்டது. தக்காளி லோடோடு ஒன்பது மணியைத் தவறவிட்டு விடியும்வரை கேட்டில் கிடந்த கதைகளை இவர் எவ்வளவோ தடவை சொல்லித் திட்டியிருக்கிறார். லோடு அழுகினால் இவரைத்தானே கேட்பார்கள்.

சாலையோரம் புள்ளிமான் கூட்டம் நின்றது. நான் முப்பதில் போய்க்கொண்டிருந்தேன். அப்போது அவர் சொன்னார், "இங்கதான் புள்ள. தடை வர்றதுக்கு ரெண்டு வருஷம் முந்தி, ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஒரு மானை அடிச்சுப்போட்டேன். வயித்துல குட்டி இருந்துச்சு."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க முடியாது, எதிரே கேரளா பஸ் வந்துகொண்டிருந்தது. நிறுத்தவும் முடியாது, காட்டுக்குள் வண்டி நிறுத்தினால் அபராதம். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், "அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டேன். கிளீனரும் அவரும் இறங்கி அதை ஓரமாக இழுத்துப் போட்டார்களாம். அது அப்போதும் கண்ணைத் திறந்துதான் இருந்ததாம். அடுத்த லோடு வரும்போது அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தாராம், அதற்கடுத்த லோடுக்கும் குறைத்தாராம். பந்திப்பூர் முடியும்வரை பேசிக்கொண்டே வந்தார். கல்யாணமாகி 28 வருடத்தில் இப்படி ஒரே மூச்சில் அவர் பேசி நான் கேட்டதில்லை. ஸ்டியரிங் அவர் கையில் இருந்திருந்தால் பேசியிருக்க மாட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

திரும்பும்போது மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறினோம். 36 கொண்டை ஊசி வளைவு. அந்த வழியில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. பிரேக் பிடிக்காமல் நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். ஏறுவது வேறு விஷயம். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் முதல் கியருக்கு வந்துவிட வேண்டும், வளைவுக்குள் போய் கியரைத் தேடக் கூடாது. வளைவை அகலமாக எடுத்துத் திருப்ப வேண்டும், எதிரே வருகிறவரின் ஹாரனுக்குக் காது கொடுக்க வேண்டும். இறங்கும்போதும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரலில் விடவே கூடாது, பிரேக் கருகுகிற வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். இதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. பதினெட்டாவது வளைவோ பத்தொன்பதாவதோ, வண்டி நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன், உள்ளங்கை வேர்த்துவிட்டது. பின்னால் ஒரு ஜீப். அவர் கையை நீட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. "மெதுவா கிளட்சை விடு, வண்டி நடுங்கும், நடுங்கறப்ப பிரேக்கை எடு." எடுத்தேன். ஏறிவிட்டது.

உங்கள் மனைவிக்கும் ஒரு இடத்தில் வண்டி நிற்கும். அப்போது நீங்கள் கத்தாமல் இருப்பீர்களா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கத்துவேன் என்று தோன்றினால் முதலில் மருதமலைக்கோ கோத்தகிரிக்கோ நாலு தடவை கூட்டிப் போய்ப் பழகுங்கள். கண் பார்வை, முதுகு வலி, ராத்திரி ஓட்டப் பயம் என்று அவருக்கே காரணம் இருந்தால் அது வேறு, கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்றால்தான் வேண்டாம். நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

அடுத்து ஆனைக்கட்டி, அட்டப்பாடி வழியாக அமைதிப் பள்ளத்தாக்கு போவதாக இருக்கிறோம். முக்காலியில் காரை நிறுத்திவிட்டு ஜீப்பில்தான் உள்ளே போக வேண்டும். போகும்போது நான் ஓட்டுகிறேன், திரும்பும்போது அவர் ஓட்டட்டும் என்று நேற்றுதான் பேசிக்கொண்டோம்.