சென்சாரை வீட்டுக்கு எடுத்துவந்த பெண்ணை டேட்டா சயின்ஸில் தள்ளாதீர்கள்

கோத்தகிரியிலிருந்து ஒரு அப்பா கேட்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பிஎஸ்சி இயற்பியல்தான் வேண்டும் என்கிறாள். கோயம்புத்தூர் மாமாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் டேட்டா சயின்ஸ் சீட்டே பேசிவிட்டார். தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா?

வேண்டாம் அண்ணா. பச்சை இலைக்கு இந்த மாதம் என்ன விலை என்பதே ஃபேக்டரி சொன்னால்தான் தெரியும், அதை நம்பி வட்டி கட்ட முடியாது, மாமாவும் கட்டப்போவதில்லை.

முக்கியமான விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். மெக்கானிக் வண்டியிலிருந்து கழற்றிப்போட்ட ஆக்சிஜன் சென்சாரை (புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்க்கும் கருவி) மகள் எடுத்துவந்து, "பீங்கான் எப்படிப்பா கரண்ட் கடத்தும்?" என்று கேட்டாளாமே! அதற்குள் இருப்பது யிட்ரியா கலந்த சிர்கோனியா, அதாவது யிட்ரியம், சிர்கோனியம் என்ற இரண்டு உலோகங்களின் ஆக்சைடுகள் கலந்த பீங்கான். சிர்கோனியத்துக்கு நான்கு நேர்மின்சுமை, யிட்ரியத்துக்கு மூன்றுதான். அதனால் இரண்டு யிட்ரியம் நுழைந்தால் ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகும். நன்றாகச் சூடேறினால் பக்கத்து ஆக்சிஜன் அயனி அந்தக் காலியிடத்துக்குத் தாவும், அது விட்ட இடத்துக்கு இன்னொன்று. இப்படி மின்சுமை நகர்வதுதான் அவள் கேட்ட கரண்ட். அப்படியென்றால் யிட்ரியாவைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். நடக்காது, யிட்ரியா சுமார் 8 மோல் சதவீதத்தை (எடையில் அல்ல, மூலக்கூறு எண்ணிக்கையில் நூற்றுக்கு எட்டு) தாண்டினால் கடத்தல் குறைகிறது, காலியிடங்கள் ஒன்றோடொன்றும் யிட்ரியத்தோடும் பிணைந்து சிக்கிக்கொள்கின்றன. எப்படிச் சிக்குகின்றன என்று பார்க்க எக்ஸ்ரே மட்டும் போதாது, கனமான சிர்கோனியத்தின் பக்கத்தில் ஆக்சிஜன் அதற்கு மங்கலாகத்தான் தெரியும். நியூட்ரான் கதிருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கதிருக்கு மும்பை டிராம்பேயில் துருவா ஆராய்ச்சி அணு உலை இருக்கிறது. எரிபொருளை எரிக்காமலே மின்சாரமாக்கும் எரிபொருள் மின்கலத்தில் ஒரு வகைக்கும் இதே பீங்கான்தான், கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்த வேலை நடக்கிறது.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் போகும் பாதை இதுதான்: ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி, அப்புறம் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்எஸ்சி, பிறகு ஆராய்ச்சி. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். எம்எஸ்சிக்குப் பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்தால் பிஎச்டிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆனால் இது நீளமான வழி, 21 வயதில் சம்பளக் கவர் வராது, அதை வீட்டில் எல்லோரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். கல்யாணப் பேச்சை எடுக்கும் அத்தைகளிடமும்தான்.

துணைப் பாடமாகக் கணிதம் கிடைக்குமா என்று சேரும்போதே கேளுங்கள், ஜாமில் கணக்கு தகராறு செய்யும். ஜாமுக்கு மூன்றாம் ஆண்டு செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு.