முத்துப்பிள்ளை: வாராவாரம் ரத்தப் பரிசோதனை எதற்கு?

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

என் மனைவிக்கு வயது 24. மூன்றாம் மாதத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டது. ஸ்கேன் பார்த்துவிட்டு ‘முத்துப்பிள்ளை’ என்றார்கள். கருப்பையைச் சுத்தம் செய்து ஏழு வாரம் ஆகிறது. வாராவாரம் ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் அளவைப் பார்க்கிறோம். முதலில் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருந்தது, போன வாரம் 38. இப்போது ரத்தப்போக்கு இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். ‘இன்னும் எத்தனை தடவை குத்துவார்கள், போதும்’ என்கிறார் அம்மா. கிரகணத்தன்று வெளியே போனதால் வந்தது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. பரிசோதனையை நிறுத்திவிடலாமா? அடுத்த குழந்தைக்கு எப்போது முயலலாம்?

க.

அன்புள்ள தம்பி,

நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

முத்துப்பிள்ளை என்பது கரு சரியாக உருவாகாமல், நஞ்சுத் திசு நீர்க்கொப்புளங்களாக வளர்வது. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கரு உருவாகிற அந்த முதல் கணத்திலேயே குரோமோசோம் கணக்கு தவறிவிடுகிறது. முழு முத்துப்பிள்ளை என்றால், தாயின் குரோமோசோம் இல்லாத முட்டையில் விந்தணு சேர்ந்து, இருக்க வேண்டிய 46 குரோமோசோமும் தந்தை வழியாகவே வந்துவிடும். பகுதி முத்துப்பிள்ளையில் ஒரு முட்டையோடு பெரும்பாலும் இரண்டு விந்தணு சேர்ந்து 46-க்குப் பதில் 69 ஆகிவிடும். இதில் உங்கள் மனைவி செய்த தப்பு எதுவும் இல்லை. உங்கள் தப்பும் இல்லை. அக்கம்பக்கத்தாருக்கு இதைச் சத்தமாகவே சொல்லுங்கள், அவள் காதில் விழும்படி.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது முதன்முதலில் இதைப் பார்த்தேன். ஸ்கேனில் குழந்தை இல்லை. சேனல் வராத பழைய டிவி மாதிரி திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். உறிஞ்சி எடுத்தபிறகு ட்ரேயில் கிடந்தவை ஊறிய ஜவ்வரிசி போலச் சில, திராட்சை அளவில் சில, உள்ளே தண்ணீர் மினுங்க. முத்துப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் அதைக் கையில் ஏந்திப் பார்த்த மருத்துவச்சியாகத்தான் இருக்கும் என்று அன்று தோன்றியது.

சுத்தம் செய்தபிறகும் அந்தத் திசு துளி தங்கி வளரலாம். முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு அப்படி ஆகிறது, பகுதி வகையில் மிகக் குறைவு. அது கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும், நுரையீரலுக்கும் போகும். உடம்பு அதைச் சொல்லாது. ரத்தத்தில் இருக்கும் எச்.சி.ஜி.தான் சொல்லும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், எண் இறங்குகிறதே என்று நடுவிலேயே வருவதை விட்டுவிட்டாள். ஐந்து மாதம் கழித்து இருமலில் ரத்தத்தோடு வந்தாள். எக்ஸ்ரேயில் நுரையீரலில் வட்ட வட்டமாக நிழல்கள். பல மாதம் கீமோ கொடுத்துக் காப்பாற்றினோம். அந்த மாதங்களை அவள் பட்டிருக்கவே வேண்டாம் என்பதுதான் இன்றும் என் ஆதங்கம்.

இந்த எண்ணை விடாமல் துரத்த வேண்டும் என்பதற்காக ஒருவர் வேலையையே இழந்திருக்கிறார். 1956-இல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியு லி என்ற மருத்துவரும் ராய் ஹெர்ட்ஸும், இதே திசுவில் வரும் கோரியோகார்சினோமா புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தைக் கொடுத்தார்கள். கட்டிகள் மறைந்தன. ஆனால் சிறுநீரில் இதே எச்.சி.ஜி. ஹார்மோன் மிச்சமிருந்தது. அது போகும்வரை மருந்தை நிறுத்த மாட்டேன் என்றார் லி. வீணாக நச்சு மருந்து கொடுக்கிறார் என்று வெளியேற்றினார்கள். அவர் சொன்னபடி முழுதும் மருந்து பெற்ற பெண்கள் பிழைத்தார்கள். கீமோவால் மட்டும் குணமான முதல் திடக்கட்டிப் புற்றுநோய் இதுதான். அந்த மருந்து வந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து. அவர் 1948-லேயே இறந்துவிட்டார், இந்தப் பெண்கள் எழுந்து நடந்ததைப் பார்க்கவில்லை.

உங்கள் மனைவிக்கு அந்த மருந்தே தேவைப்படாமல் போகலாம். 38 நல்ல எண், ஆனால் 5-க்குக் கீழே வரவேண்டும். வாராவாரம் பார்த்து மூன்று முறை தொடர்ந்து அப்படி இருந்தால், பிறகு மாதம் ஒருமுறை. முழு முத்துப்பிள்ளை என்றால் ஆறு மாதம், பகுதி என்றால் பெரும்பாலும் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை போதும். எந்த வகை என்பது பயாப்ஸி அறிக்கையில் இருக்கும், கேட்டு வாங்கி வையுங்கள். ஒருவேளை எண் மூன்று வாரமாக அசையாமல் நின்றாலோ, இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினாலோ மருத்துவர் கீமோ பற்றிப் பேசுவார். பதற வேண்டாம். ஆரம்பத்திலேயே பிடித்தால் கிட்டத்தட்ட எல்லோருமே குணமாகிறார்கள். கருப்பையை எடுக்கவும் பெரும்பாலும் தேவைப்படாது.

கண்காணிப்பு முடியும்வரை கர்ப்பம் வேண்டாம். புதுக் கர்ப்பமும் இதே எச்.சி.ஜி.யைத்தான் ஏற்றும், எது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆணுறையோ மாத்திரையோ போதும். எண் சரியாகும் முன் காப்பர்-டி மட்டும் வேண்டாம். கீமோ கொடுக்க நேர்ந்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அப்புறம் தாராளமாக முயலலாம். மறுபடி முத்துப்பிள்ளையாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். அடுத்த கர்ப்பத்தில் சீக்கிரமே ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

அவள் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று பாருங்கள். எச்.சி.ஜி. பரிசோதனைக்கு எப்போதும் ஒரே லேபில் ரத்தம் கொடுங்கள், லேப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். ஒரு சின்ன நோட்டில் தேதியும் எண்ணும் எழுதி வாருங்கள். அம்மாவையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் அந்த நோட்டைக் காட்டுங்கள். இந்த வார எண் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.