ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்: ஆறு முறை சத்தம் வருவது சரிதான்

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் நீராவி இன்ஜினின் புது ஓஓ கேஜ் (ஒரு மாடல் ரயில் அளவு) மாடலில் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் 'சஃப்' சத்தம் நாலுக்குப் பதில் ஆறு முறை கேட்கிறது, பாயிண்டை (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) தாண்டும்போது சத்தம் அறுந்துபோகிறது, திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். நாலு என்பது இரண்டு சிலிண்டர் இன்ஜினுக்கு. 1923-ல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் கட்டிய நிஜ இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றும் ஒரு சுற்றில் இரண்டு தடவை நீராவியை வெளியே தள்ளும், ஆக ஆறுதான் கணக்கு. மெதுவாக ஓட்டி, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், அந்த நெருக்கமான தாளம்தான் இதன் அழகே.

பாயிண்டில் அறுவது வேறு விஷயம். பெரும்பாலும் நடுவில், தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் ஃபிராக் மேல் சக்கரம் ஏறும்போது மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போய், மாடலுக்குள் சத்தத்தை உண்டாக்கும் மின்னணுப் பலகையான டிகோடர் அணைந்து மறுபடி ஆரம்பிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடையுங்கள், டெண்டர் (இன்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி வண்டி) சக்கரங்களை விட்டுவிட வேண்டாம், அப்புறம் முன்னும் பின்னுமாக அரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால், மின்சாரம் விட்டுப்போகும் அந்தக் கணத்தைச் சமாளிக்க, டிகோடர் ஏற்கும் ஸ்டே-அலைவ் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். சத்தம் கரகரத்தால், லோக்சவுண்ட் வகை டிகோடராக இருக்கும் பட்சத்தில் மொத்தச் சத்த அளவுக்கான சிவி 63 என்ற அமைப்பு எண்ணின் மதிப்பைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.