படம் வரைவதில் ‘ட்ரேசிங்’ என்றால் என்ன? இணையத்தில் ஓவியர்கள் அதற்கு ஏன் இவ்வளவு கொதிக்கிறார்கள்?

இன்னொருவர் படத்தை அடியில் வைத்து, அதன் கோடுகள் மீதே கோடு இழுப்பதுதான் ட்ரேசிங். பள்ளியில் பட்டர் பேப்பர் வைத்து இந்திய வரைபடம் எடுத்தோமே, அதேதான். அப்படி எடுத்ததை “நான் வரைந்தது” என்று பதிவிட்டுப் பாராட்டு வாங்கும்போதுதான் கோபம் வருகிறது. ஒரு கோடு எங்கே வளைய வேண்டும் என்று முடிவு செய்வதற்குத்தான் ஆண்டுக்கணக்கான பயிற்சி. அந்த உழைப்பு இன்னொருவருடையது.

நான் இருப்பது ஆந்திர எல்லையில், நகரி பக்கம். இங்கிருந்து வடக்கே காளஹஸ்தியில் கலம்காரி என்னும் துணி ஓவியம் வரைபவர்கள், முனைக்குச் சற்று மேலே துணி சுற்றிய மூங்கில் குச்சியை, வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் வாரக்கணக்கில் ஊறிய கறுப்புச் சாயத்தில் தோய்ப்பார்கள். துணியில் முன்பே கடுக்காயும் பாலும் ஏற்றியிருக்கும். பால் சாயத்தைப் பரவவிடாது. பிறகு ஒவ்வொரு கோடும் கையால்தான். மசூலிப்பட்டினத்தில் கலம்காரியை மர அச்சால் ஒற்றுவார்கள். அதுவும் அருமையான கலை. ஆனால் அச்சுத் துணியைக் கைவரைவு என்று சொல்லி விற்றால் வாங்குபவருக்கும் வரைந்தவருக்கும் அநியாயம். ட்ரேசிங்கிலும் குற்றம் அந்தப் பொய்தான்.

ஆனால் சிலர் பார்த்து வரைவதையும் ட்ரேசிங் என்று நினைத்து, ஒரே சாயலில் இருக்கும் படத்தையெல்லாம் திருட்டு என்று கும்பலாகத் திட்டுகிறார்கள். மாதிரியைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் அளந்து வரைவது ட்ரேசிங் அல்ல.