தானியமில்லாத டம்ப்ளிங்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கோதுமை, அரிசி, சோளம் எதுவும் சேராமல் ஆவியில் வேகவைக்கும் டம்ப்ளிங் (பூரணம் வைத்து மடித்த கொழுக்கட்டை போன்றது) செய்ய எந்த மாவு சரி? அளவும் சொல்லுங்கள்.

பதில்: மரவள்ளியில் இருந்தே இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று முழுக் கிழங்கையும் உலர்த்தி அரைத்த மரவள்ளி மாவு. இன்னொன்று கிழங்கின் பாலில் படிவதைப் பிரித்தெடுத்த மரவள்ளி ஸ்டார்ச். இரண்டும் ஒன்றல்ல. மாவில் நார் இருப்பதால் நீரை நிறையக் குடிக்கும், வடிவத்தைப் பிடித்து நிற்கும். ஸ்டார்ச் வெந்தபின் இழுவையையும் பளபளப்பையும் தரும்.

மாவு 100 கிராம், ஸ்டார்ச் 100 கிராம், உப்பு அரை டீஸ்பூன், கொதிநீர் 170 மி.லி., எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். இதில் 22 முதல் 24 டம்ப்ளிங் வரும். கப்பால் அளக்காதீர்கள், ஸ்டார்ச் அமுங்கினால் எடை வெகுவாக மாறிவிடும். மாவுக்கு மாவு நீர் பிடிப்பது வேறுபடும் என்பதால் இன்னும் 30 மி.லி. கொதிநீர் பக்கத்தில் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: வெந்நீர் ஊற்றித்தான் பிசைகிறேன். ஆனாலும் மாவு உதிர்கிறது, திரட்டினால் ஓரம் வெடிக்கிறது. ஏன்?

பதில்: வெந்நீர் போதாது, தளதளவென்று கொதிக்கும் நீர் வேண்டும். தானியமில்லாத டம்ப்ளிங்கின் வெற்றி தோல்வி முழுவதும் இந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது. கோதுமையில் மாவைப் பிணைப்பது குளூட்டன் என்ற புரதம். இங்கே அது கிடையாது. ஸ்டார்ச்சின் ஒரு பகுதி வெந்து பசையானால், அந்தப் பசைதான் மீதி மாவைக் கட்டிப் பிடிக்கும். மரவள்ளி ஸ்டார்ச் பசையாக ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் தேவை. கொதித்த நீரை அளவுக் கோப்பையில் ஊற்றி, அங்கிருந்து குளிர்ந்த பாத்திரத்துக்கு மாற்றினால் வழியிலேயே சூடு இறங்கிவிடும், மாவில் கலந்ததும் 60-ஐத் தொடாமல் போகலாம். எனவே பாத்திரத்தை முன்னதாகச் சூடாக்கி, மாவோடு தராசில் வைத்து, கெட்டிலில் இருந்து நேரே 170 கிராம் ஊற்றுங்கள். கரண்டிக் காம்பால் வேகமாகக் கிளறி, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு எண்ணெய் விட்டு, கை பொறுக்கும் சூட்டிலேயே நான்கைந்து நிமிடம் நன்றாக அழுத்திப் பிசையுங்கள்.

உதிர்ந்துவிட்ட மாவையும் காப்பாற்றலாம். அதில் 40 கிராம் அளவு எடுத்துத் தட்டையாக்கி, கொதிநீரில் மூன்று நிமிடம் வேகவிடுங்கள். அதை மீதி மாவோடு சேர்த்துப் பிசைந்தால் பிணைப்பு வந்துவிடும். பச்சைத் தண்ணீர் தெளித்துச் சரிசெய்யப் பார்த்தால் மாவு கையில் ஒட்டுமே தவிர சேராது.

திரட்டும்போது 16 கிராம் உருண்டை, 8 செ.மீ. வட்டம், ஏறக்குறைய 2.5 மி.மீ. கனம். எண்ணெய் தடவிய இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்துத் திரட்டுங்கள். மீதி உருண்டைகள் ஈரத்துணிக்குள் இருக்கட்டும், மேல்பரப்பு காய்ந்தால் மடிப்பில் கட்டாயம் விரியும். நிறைய மடிப்புகளுக்கு ஆசைப்பட வேண்டாம். இந்த மாவு இழுத்தால் நீளாது, அரைவட்டமாக மடித்து ஓரத்தை அழுத்துவதே அதற்கு ஏற்றது.

கேள்வி: ஜவ்வரிசியை மிக்ஸியில் அரைத்து ஸ்டார்ச்சுக்குப் பதிலாகப் போடலாமா? மரவள்ளி மாவை வீட்டிலேயே தயாரிக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஜவ்வரிசி தயாரிக்கும்போதே சூடு பட்டு ஓரளவு வெந்த பொருள். அரைத்த தூள் சீராக நீர் குடிக்காது. ஒரு பக்கம் கொழகொழப்பும் இன்னொரு பக்கம் நறநறப்பும் இருக்கும். மரவள்ளிக் கிழங்கிலோ சயனைடை வெளியிடும் சேர்மங்கள் உண்டு, கசப்பு ரகங்களில் மிக அதிகம். முறையாகப் பதப்படுத்தி விற்கப்படும் மாவையே வாங்குங்கள்.

கேள்வி: ஆவியில் வைத்தால் சில வெடிக்கின்றன, சிலவற்றின் அடி தட்டிலேயே பிய்ந்து நிற்கிறது.

பதில்: வெடிப்பதற்குப் பெரும்பாலும் பூரணத்தின் ஈரமே காரணம். 200 கிராம் முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்பு பிசறி, 15 நிமிடம் கழித்துத் துணியில் இறுகப் பிழியுங்கள். காளான் என்றால் நீர் முழுக்கச் சுண்டும்வரை வதக்க வேண்டும். பூரணம் முற்றிலும் ஆறியபின் வையுங்கள். ஒன்றுக்கு 10 முதல் 12 கிராம் போதும். மூடும்போது உள்ளே காற்று தங்கினாலும் வெடிக்கும், பூரணத்தை ஒட்டி அழுத்திக்கொண்டே வந்து ஓரத்தை மூடுங்கள்.

அடி பிய்வது நீங்கள் அவசரப்பட்டு எடுப்பதால். வெந்த சூட்டில் ஸ்டார்ச் பசை போலத்தான் இருக்கும். அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து மூன்று நிமிடம் விட்டால் தானே இறுகி வந்துவிடும். தட்டில் எண்ணெய் தடவுங்கள், அல்லது முட்டைக்கோஸ் இலையைப் பரப்புங்கள். இடையில் 2 செ.மீ. இடம் இருக்கட்டும். மூடியைத் துணியால் கட்டினால் நீர்த்துளி மேலே சொட்டாது.

கேள்வி: எவ்வளவு நேரம் வேகவேண்டும்? ஒரு முறை உள்ளே மாவாக இருந்தது, மறுமுறை ரப்பராகிவிட்டது.

பதில்: தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே தட்டை வையுங்கள். வதக்கிய காய்ப் பூரணத்துக்கு 8 நிமிடம். பச்சைக் கோழிக் கொத்துக்கறிக்கு 12 நிமிடம், நடுவில் 74 டிகிரி செல்சியஸ் எட்டியிருக்க வேண்டும். மேல்மாவின் வெண்மை மறைந்து, ஒளி கசிவது போல மங்கலாகத் தெரிந்தால் வெந்தது. மடிப்பு ஓரத்தைப் பாருங்கள், அங்கேதான் கனம் அதிகம். ரப்பர்த்தன்மை ஸ்டார்ச் கூடிப்போனதால் வருவது. மாவை 120 கிராமாக உயர்த்தி ஸ்டார்ச்சை 80 ஆக்குங்கள், கொதிநீர் 10 மி.லி. கூடுதலாகத் தேவைப்படும்.

கேள்வி: தொட்டுக்கொள்ள சோயா சாஸ் சரிதானே?

பதில்: வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. கோதுமை சேராத தமாரி (ஜப்பானிய சோயா சாஸ் வகை) வாங்கலாம், லேபிளைப் படித்து. சிப்பி சாஸில் சோள ஸ்டார்ச்சோ கோதுமையோ கெட்டிப்படுத்தச் சேர்க்கப்படுவது சாதாரணம். இங்கே மேல்மாவில் அத்தனை கவனம் காட்டிவிட்டு சாஸில் கோட்டைவிடுவோர் நிறையப் பேர்.

கேள்வி: முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

பதில்: வேகவைக்காமல் தட்டில் ஒன்றோடொன்று தொடாதபடி அடுக்கி உறையவிடுங்கள், கல்லானதும் டப்பாவில் போடுங்கள். உறைந்தபடியே ஆவியில் ஏற்றுங்கள், ஐந்து நிமிடம் கூடுதலாக. வெளியே வைத்து இளகவிட்டால் அடி ஈரமாகிக் கிழியும். வெந்ததை ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்துவிடும், மீண்டும் நாலைந்து நிமிடம் ஆவி காட்டினால் மென்மை திரும்பும்.