மராமத்து – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தேர்வில் ‘மை சைக்கிள் இஸ் ரிப்பேர்’ என்று எழுதியிருந்தான். தவறு என்று கோடிட்டேன். ‘வீட்டில் அப்படித்தானே டீச்சர் சொல்கிறோம்’ என்கிறான். ஆங்கிலத்தில் ரிப்பேர் என்றால் சரிசெய்வது. நாமோ கெட்டுப்போவதற்கே அந்தப் பெயரை வைத்துவிட்டோம். இது நம் அறியாமைதானே? மெண்ட், ஃபிக்ஸ் ஆகிய சொற்களுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நல்ல அகராதி ஒன்றையும் சொல்லுங்கள். ரிப்பேரை ஒழித்துப் ‘பழுது’ என்று சொல்லவைக்கப் பள்ளியில் ஓர் இயக்கம் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

கோடிட்டது சரி. ஆங்கிலத் தாளில் ஆங்கிலத்தின் சட்டம்தான் செல்லும். ஆனால் அறியாமை என்றீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. ‘ரிப்பேர் ஆகிவிட்டது’ என்றால் கெட்டுவிட்டது. ‘ரிப்பேர் செய்தாயிற்று’ என்றால் சரியாகிவிட்டது. இதில் குழம்பிய ஒரு தமிழரையாவது பார்த்திருக்கிறீர்களா? கடன் வாங்கிய ஒரே சொல்லை இரண்டு திசையிலும் ஓட்டத் தெரிந்தவர்களை விவரமற்றவர்கள் என்று சொல்ல நீங்கள் யார், நான் யார்?

மெண்ட் பெரும்பாலும் கிழிந்த துணிக்கும் வலைக்கும் வேலிக்கும். ஃபிக்ஸ் பேச்சுவழக்கில் எதற்கும் வரும். ரிப்பேர் லத்தீனில் ‘மீண்டும் ஆயத்தம் செய்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. அகராதிக்கு உங்கள் பள்ளி நூலகத்தில் இருப்பதே போதும், தூசி தட்டுங்கள்.

ஒழிக்க வேண்டிய சொல் என்று ரிப்பேரைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். ஏறக்குறைய ஒழிந்துபோன ஒன்றைப் பற்றி நான் கொஞ்ச காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மராமத்து. அரபியிலிருந்து வந்த சொல், பொருள் பழுதுபார்த்தல். சாலை போடுவதும் பாலம் கட்டுவதும் எந்த இலாகாவின் வேலையோ அதற்கு அன்று மராமத்து என்றுதான் பெயர். கேரளத்தில் இன்றும் அது பொதுமராமத்து வகுப்புதான்; வகுப்பு என்றால் அங்கே துறை. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது; இங்கே அந்த வேலைகள் இன்று பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை என்ற பெயர்களில் நடக்கின்றன. பெயர் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. கட்டுகிற இலாகாவுக்கே பழுதுபார்ப்பதன் பெயரை வைத்தார்களே, அந்த எண்ணம் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

என் தாய்மாமா லஸ்கராக இருந்தவர். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் ஒரு கிளைச் சானலின், அதாவது கால்வாயின், கரையில் தினமும் நடப்பதுதான் வேலை. தோளில் மண்வெட்டி, மடியில் ஒரு பொட்டலம் உமி. சிறுவயதில் விடுமுறை நாட்களில் அவர் பின்னால் போயிருக்கிறேன். அவர் தண்ணீரைப் பார்க்கவே மாட்டார். கரையின் வெளிச்சரிவில், வயல் பக்கம்தான் கண். அங்கே ஈரம் தெரிந்தால் குந்தி உட்கார்ந்துவிடுவார். கசிவது தெளிந்த நீரா, கலங்கல் நீரா? தெளிந்திருந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. கலங்கியிருந்தால் தண்ணீர் உள்ளேயிருந்து மண்ணை அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அன்றைக்கே அடைக்க வேண்டும்.

அடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வெளியே கசியும் வாயை மண் வைத்து மூடினேன் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்ன ஒரு வயற்காரருக்கு அவரிடம் கிடைத்த ஏச்சை நான் இங்கே எழுத முடியாது. வெளிவாயை மூடினால் தண்ணீர் கரைக்குள்ளேயே தேங்கி மொத்தக் கரையையும் ஊறவைத்துவிடும். தண்ணீர்ப் பக்கத்து வாயைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் நண்டு வளைதான். மாமா ஒரு பிடி உமியைத் தண்ணீர்மேல் தூவுவார். எல்லாம் ஒழுக்கோடு போகும். ஓரிடத்தில் மட்டும் நாலைந்து உமி தயங்கி, சுற்றி, உள்ளே இழுபட்டு மறையும். ‘அங்கே இருக்கிறான்’ என்பார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, களிமண்ணும் வைக்கோலும் பிசைந்த உருண்டையைக் கையால் திணித்துக் காலால் மிதிப்பார். கன்னிப்பூ சாகுபடியோ கும்பப்பூ சாகுபடியோ, அந்தச் சானலை நம்பிய கடைவரம்பு வயல்காரர் எவருக்கும் இதெல்லாம் தெரியாது. தெரியாதபடி நடந்தால்தான் அது ஒழுங்காக நடந்தது என்று அர்த்தம்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கரையில் நடக்க ஆள் வரவில்லை. ஐப்பசி மழையில் உடைப்பெடுத்தது. மணல் மூட்டைகள் வந்தன, ஜேசிபி வந்தது, பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், பார்வையிட வந்தவர்களுக்கு இளநீர் வெட்டினார்கள். மாமா திண்ணையில் உட்கார்ந்து அத்தனை பேரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

1897இல் தொடங்கி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையைக் கட்டிய மிஞ்சின் துரையின் பெயர் நமக்குத் தெரியும். அணைநீர் வயலுக்குப் போகும் வழியில் நண்டு வளை அடைத்த ஒருவரின் பெயராவது தெரியுமா? கடலோரத்திலும் இதே கதைதான். 2000ஆம் ஆண்டின் முதல் நாள் திறந்த 133 அடி வள்ளுவர் சிலையில் உப்புக்காற்று படிந்துகொண்டே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி, கல்லில் ஏறிய உப்பை உறிஞ்சக் காகிதக் கூழைப் பூசி எடுத்து, பிறகு ரசாயனப் பூச்சு பூசுகிறார்கள். அந்த நாட்களில் வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? ‘சாரம் மறைக்கிறது, போட்டோ சரியாக விழவில்லை.’ எனக்கு அந்தச் சாரத்தோடுதான் ஒரு படம் வேண்டும்.

ஆகவே சொல் ஒழிப்பு இயக்கமெல்லாம் வேண்டாம் டீச்சர். உங்களுக்கு நல்ல மனம் இருக்கிறது, அதை வேறு பக்கம் திருப்புங்கள். சானலில் தண்ணீரை நிறுத்தியிருக்கும் பங்குனி மாதத்தில் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுது கரைக்குக் கூட்டிப்போங்கள். உள்பக்கத்தில் எத்தனை வளை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள், அதற்குமேல் வெயில் தாங்காது. செருப்பில்லாமல் ஒருவரையும் இறங்கவிட வேண்டாம். சானல் தரை முழுக்க பாட்டில் சில்லுதான்.