ஐ.பி. (நொடிப்பு மனு) கொடுப்பதற்கு முன்: வழக்கறிஞரிடம் கேள்வி பதில்

கேள்வி: ஜவுளி வியாபாரம் நொடித்துப்போய், வங்கிக்கும் தனியாருக்குமாகப் பல லட்சம் கடன் நிற்கிறது. ஐ.பி. கொடுத்து மஞ்சள் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கடன் தீர்ந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: தீராது. சென்னை நகரத்துக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழ்நாட்டின் பிற பகுதிகளுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் பொருந்துகின்றன. முதலாவதன்படி உயர் நீதிமன்றத்திலும், இரண்டாவதன்படி மாவட்ட நீதிமன்றத்திலோ அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்திலோ மனுச் செய்ய வேண்டும். கடனைத் திருப்பித் தர இயலாத நிலையில் இருப்பதோடு, 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடன் 500 ரூபாயை எட்டியிருக்க வேண்டும், அல்லது பண டிகிரிக்காக (பணம் செலுத்தும்படி நீதிமன்றம் இட்ட ஆணைக்காக) நீங்கள் கைதாகியிருக்க வேண்டும், அல்லது உங்கள் சொத்து ஜப்தியில் இருக்க வேண்டும். அந்த 500 ரூபாய் நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட தொகை. இன்று அது யாரையும் வடிகட்டுவதில்லை.

மனுவைத் தாக்கல் செய்ததாலேயே வழக்குகள் தாமாக நின்றுவிடுவதில்லை. நீதிமன்றம் உங்களை நொடிப்பாளர் என்று அறிவிக்கும்போது உங்கள் சொத்து ரிசீவரிடமோ (சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிப்பவர்) நீதிமன்றத்திடமோ போய்ச் சேரும்; அதன் பிறகுதான், நீதிமன்ற அனுமதியின்றிக் கடன்காரர்கள் (கடன் கொடுத்தவர்கள்) உங்கள் மீது புதிதாக வழக்குத் தொடுக்க இயலாது. அந்த உத்தரவிலேயே, கடனிலிருந்து விடுவிப்புக் கோரி மனுச் செய்ய ஒரு காலக்கெடு குறிக்கப்பட்டிருக்கும். பலர் ‘ஐ.பி. ஆகிவிட்டது’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய், அந்தக் கெடுவைத் தவறவிட்டு, அறிவிப்பே ரத்தாகிப் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். கடனிலிருந்து உங்களை விடுவிப்பது, அந்த மனுவின் மேல் வரும் இரண்டாவது உத்தரவுதான். அடமானம் வைத்த வீட்டின் மீது வங்கிக்கு உள்ள உரிமையை இந்த நடைமுறை தொடுவதேயில்லை.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது, மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கியது உட்பட எல்லாக் கடன்களின் பட்டியலையும், எழுதிக் கொடுத்த புரோநோட்டுகள், தேதியில்லாமல் கொடுத்த காசோலைகள் பற்றிய விவரத்தையும், கடந்த இரண்டாண்டுகளில் பதிவு செய்த எல்லாப் பத்திரங்களின் நகல்களையும் கொண்டுசெல்லுங்கள். கடன்காரரின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கப் போவதை உங்கள் வழக்கறிஞர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டை மனைவி பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிவிட்டுப் பிறகு ஐ.பி. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பணம் பெறாமல் செய்த இத்தகைய உரிமை மாற்றத்தை, அதன் தேதியிலிருந்து இரண்டாண்டுக்குள் நொடிப்பு மனுத் தாக்கலாகி நீங்கள் நொடிப்பாளராக அறிவிக்கப்பட்டால், ரிசீவர் கேட்டுக்கொள்ள நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். ஒரே ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகப் பணம் கொடுத்து முடித்திருந்தால், அதற்கு இரண்டாண்டுக்குப் பதிலாக மூன்று மாதக் கணக்கு உண்டு. வீடும் நிலைக்காது, உங்கள் நாணயத்தின் மீது நீதிபதிக்கு இருக்கும் நம்பிக்கையும் நிலைக்காது.

கேள்வி: காசோலை மோசடி வழக்கு ஐ.பி. கொடுத்தால் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. காசோலை திரும்பியதற்கான வழக்கு குற்ற வழக்கு. இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நோட்டீஸ் வந்த 15 நாட்களுக்குள் பணம் செலுத்துவதோ, அதற்குள் வழக்கறிஞரைப் பார்ப்பதோதான் வழி.

கேள்வி: என் மகனுக்குக் காசோலை நோட்டீஸ் வந்திருக்கிறது. ஐ.பி. பயன்படுமா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஜப்திக்கு வந்தால் தாலியைக் கூடக் கழற்றச் சொல்வார்கள் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: சொல்ல முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, கடனாளியும் மனைவி மக்களும் உடுத்தும் துணிகள், சமையல் பாத்திரங்கள், படுக்கைகள் ஆகியவற்றோடு, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத ஆபரணங்களையும் ஜப்தியிலிருந்து விலக்குகிறது. கைவினைஞரின் கருவிகளையும் தொட முடியாது. தச்சருடைய உளியும் இழைப்புளியும் அவரிடமே இருக்கும். சாதாரணப் பண டிகிரியில் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் காக்கப்படுகின்றன. இந்தப் பொருள்கள் ரிசீவரிடமும் போவதில்லை. பண டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: 2016ஆம் ஆண்டுப் புதிய நொடிப்புச் சட்டத்தில் ஏழைகளுக்குக் கடன் தள்ளுபடி இருக்கிறதாமே?

பதில்: ஏட்டில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து மதிப்பு 20,000 ரூபாய்க்குள், தகுதியுள்ள கடன் 35,000 ரூபாய்க்குள், சொந்த வீடு இல்லை என்ற நிலையில் இருப்பவருக்கு ‘புதிய தொடக்கம்’ என்றொரு வழி வகுக்கப்பட்டது. ஆனால் தனிநபர்களுக்கான அந்தப் பகுதி, நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றவர்கள் விஷயத்தில் மட்டுமே, 2019 டிசம்பர் 1 முதல், நடைமுறைக்கு வந்தது. அதைக் காட்டி உங்களிடம் முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

கேள்வி: நான் வட்டிக்குக் கொடுப்பவன். நம்பிக் கொடுத்தவனுக்கு மஞ்சள் நோட்டீஸ் அனுப்ப நீங்களே வழி சொல்லித் தருகிறீர்களே, இது நியாயமா?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது; ஆனால் இந்தச் சட்டம் உங்களுக்கும் கருவிகள் தந்திருக்கிறது. ரிசீவர் முன் உங்கள் கடனை நிரூபித்து, சொத்து விற்ற பணத்தில் பங்கு பெறலாம். விடுவிப்பை எதிர்க்கலாம். மனைவி பெயருக்குப் போன வீட்டை ரிசீவரின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். சொத்தையோ கணக்குப் புத்தகத்தையோ மறைத்த நொடிப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கொடுக்க வழியில்லாதவன் வேறு, வைத்துக்கொண்டே கொடுக்காதவன் வேறு. பணமில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கடனாளியைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: மேலே கேட்டவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் அவரைப் போன்ற ஒருவர் அசலுக்கு மேல் வட்டியே வாங்கிவிட்டார். இன்னும் புரோநோட்டைத் திருப்பித் தரவில்லை.

பதில்: அவரைப் போன்றவர் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003இல் வந்தது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கொடுத்த தேதி, தொகை, கொடுத்த விதம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். வங்கிப் பரிமாற்றம் இல்லாமல் கையில் கொடுத்த வட்டிக்குச் சாட்சி யார் என்பதுதான் அவர் முதலில் கேட்பது. வட்டிக்குக் கொடுப்பவரும் கணக்கை முறையாக எழுதி ரசீது கொடுத்திருந்தால், இருவருக்கும் இந்தச் சண்டையில் பாதி மிஞ்சியிருக்காது.

கேள்வி: நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் ஐ.பி. வாங்கிவிட்டால் நானும் தப்பிவிடுவேனா?

பதில்: இல்லை. கடனாளிக்குக் கிடைக்கும் விடுவிப்பு ஜாமீன்தாரரை விடுவிப்பதில்லை; கடன்காரர் நேரே உங்களிடம் வருவார். அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியும், மோசடியால் வந்த கடனும், நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சமும் கூட விடுவிப்புக்குள் அடங்கா.

கேள்வி: காசோலை வழக்கில்...

பதில்: இரண்டு முறை சொல்லிவிட்டேன். நோட்டீஸ் கைக்கு வந்த தேதியைப் பாருங்கள்; 15 நாள் முடியவில்லையென்றால் இன்றே ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். கட்டணம் கொடுக்க இயலாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு.